ஏழு பெட்டிகளில் வந்த கார்

1

கனடாவில் நான் வந்திறங்கி இருபத்தைந்து வருடம் முடிந்த சனிக்கிழமை, எங்கள் வீட்டில் பதினெட்டுப் பேர் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். ஒழுங்கு செய்தவர் என் கணவர் யோகன். பிறம்ரனில் உள்ள ஒரு களஞ்சியத்திலிருந்து பெரிய றக் ஓடுகிறவர் அவர். கிழமையில் பாதி நெடுஞ்சாலையிலேயே போய்விடும். இந்த ஒரு நாளுக்காக இரண்டு ஓட்டங்களை விட்டுக்கொடுத்திருந்தார். இடியப்பம், ஆட்டிறைச்சிக் கறி, சொதி, கேக். கேக்கின் மேலே என் பெயர், கீழே ஒரு சிவப்பு மேப்பிள் இலை.

கத்தியை என் கையில் தந்து எல்லோரும் கைதட்டத் தொடங்கிய நேரம், வெளியே 'பீப், பீப்' என்று ஒரு லொறி பின்பக்கமாக எங்கள் வாசலுக்குள் ஏறியது. பத்து நாள் கழித்து வரவேண்டியது. நான் கத்தியோடேயே வெளியே ஓடினேன். லொறிக்காரர் கத்தியைப் பார்த்துவிட்டு ஒரு அடி பின்வாங்கி, "சுகந்தி?" என்று பெயரைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கினார்.

ஏழு மரப்பெட்டிகள். ஒன்று சின்ன அறை அளவு. இன்னொன்று ஒடுக்கமாக, நீளமாக இருந்தது. கேக்கை விட்டுவிட்டு எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். யோகனின் தமையன் ரத்தினண்ணை நீளப் பெட்டியைச் சப்பாத்தால் தட்டிப் பார்த்தார்.

"உதென்ன சுகந்தி, சவப்பெட்டியே?"

"கார், அண்ணை."

"என்ன கார்?"

"நான் கட்டப்போற கார்."

ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். யோகன் மட்டும் சிரிக்கவில்லை. குசினிக்குள் என்னைக் கூப்பிட்டு, விருந்தினருக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"எக்சசைஸ் மெஷின் எண்டெல்லோ சொன்னனீர்?"

நான் அப்படிச் சொல்லவில்லை. 'கொஞ்சச் சாமான் வருது' என்று சொன்னேன். அவராக உடற்பயிற்சி மெஷின் என்று நினைத்துக்கொண்டார், நான் திருத்தவில்லை. இது பொய்யா இல்லையா என்று இன்றைக்கும் எனக்கு முடிவாகத் தெரியாது. அன்று பின்னேரம் எல்லோரும் போனபிறகு கேக் வெட்டாமலே மேசையில் இருந்தது.

2

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். இந்த நாட்டில் காரைப் பெட்டிகளில் துண்டு துண்டாக வாங்கலாம். நான் வாங்கியது அறுபதுகளில் ஓடிய ஒரு பிரித்தானியப் பந்தயக் காரின் நகல். இரண்டே இருக்கை. கூரை கிடையாது. இரும்புச் சட்டம், கண்ணாடியிழையில் வார்த்த உடம்பு, எண்ண முடியாத நட்டு, புரியாணிகள், தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகம். எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் ஏதாவது பழைய காரிலிருந்து நாங்களே கழற்றிக்கொள்ள வேண்டும். கராஜ் என்பது வீட்டோடு ஒட்டிய கார்க் கொட்டில். அதற்குள்ளேயே இருந்து கட்டி முடித்துவிடலாம் என்று அந்தப் புத்தகத்தின் முதல் பக்கம் சொன்னது.

ஐம்பதை நெருங்குகிற ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள்.

இருபத்தொரு வருடம் நான் ஒரு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். பின் இடது கதவுக்குள் போகும் வயர்க்கட்டுத்தான் என் வேலை. பதினாலு வயர், மூன்று கவ்வி, ஒரு சோதனை விளக்கு. விளக்கு பச்சையாக எரிந்தால் அடுத்தது. நான் செய்த வயர்க்கட்டு எந்தக் காருக்குள் போனது, அது என்ன நிறம், யார் ஓட்டினார்கள் என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. மாலை மூன்று மணிக்குப் போனால் பதினொன்றுக்குத்தான் விடுவார்கள்.

ஒரு வியாழக்கிழமை எங்கள் எல்லோரையும் கன்ரீனுக்குக் கூப்பிட்டு, தொழிற்சாலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று சொன்னார்கள். கையில் ஒரு கடித உறை, ஒரு டோனட்.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ரீவி பார்த்தால் பாதியில் எழும்பிவிடுவேன். கோயிலுக்குப் போனால் பூசை முடியமுன் வாசலில் நிற்பேன். அலுமாரியை அடுக்கி, கலைத்து, திரும்ப அடுக்குவேன். மூன்று மணி அடித்தால் கால் தானாகச் சப்பாத்தைத் தேடும். யோகன் ஒருநாள் என் விரல்களைப் பார்த்து, "என்ன, தாளம் போடுறீரோ?" என்று கேட்டார். நான் காற்றில் கவ்வி பூட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடையில் ஒரு கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அதில் நீலமாக ஒன்று. பக்கத்தில் மடக்குக் கதிரையில் இருந்த வெள்ளைக்காரர், "இதைப் பெட்டியில் வாங்கி நானே கட்டினேன். பொறுமை இருந்தால் யாரும் கட்டலாம்" என்றார். பொறுமை என்னிடம் இல்லை. ஆனால் அந்தக் காரைச் சுற்றி நான் ஒரு மணித்தியாலம் நடந்தேன்.

கார் எனக்குப் புதிதும் இல்லை. என் தகப்பன், எங்கள் ஐயா, யாழ்ப்பாணத்தில் பழைய ஏ-ஃபோட்டிக் கார் ஒன்று வைத்து வாடகைக்கு ஓடினவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காது. மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள், ஆனால் மண்ணெண்ணெயில் எஞ்சின் லேசில் பற்றாது. ஐயா முன்னுக்கு நின்று ஹாண்டில் அடிக்க, நான் பொனெற்றைத் திறந்து ஊசிக்குழாயால் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விடவேண்டும். கூடினால் நெருப்பு, குறைந்தால் ஓடாது. அந்த வேலைக்கு என்னை விட்டார். ஓட்டும் ஆசனத்தில் ஒருநாளும் ஏற விடவில்லை. "பொம்பிளைப் பிள்ளைக்கு உது ஏன்?" என்பார். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீடு நின்றது, கார் இல்லை. எங்கே போனதென்று ஐயா யாரிடமும் விசாரிக்கவில்லை. ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டார்.

3

பெட்டிகள் வந்த அன்றிலிருந்து யோகனின் கார் வெளியே நின்றது. கோடையில் அது பெரிய விஷயமில்லை. மாரி வந்ததும், விடிய அஞ்சு மணிக்கு அவர் காரின் மேல் கிடக்கும் பனியைத் தள்ளி, கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டுகிற சத்தம் எனக்குப் படுக்கையில் கேட்கும். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சுரண்டுகிற சத்தம் மட்டும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடியது போல இருந்தது.

நான் ஒரு பகுதிநேர வேலை எடுத்துக்கொண்டு மற்ற நேரமெல்லாம் கராஜுக்குள் இருந்தேன். குளிர்காயச் சின்ன மின் அடுப்பு ஒன்று, இரண்டு சுவெற்றர், விரல் நுனி வெட்டிய கையுறை. புத்தகத்தில் பாதிச் சொல் விளங்காது. ஒரு படத்தின் கீழே 'டொக் லெக்' என்று இருந்தது. நாய்க்கால் எங்கே வந்தது என்று பெட்டிப் பெட்டியாகத் தேடினேன். வளைந்த ஒரு குழாய்க்கு அப்படிப் பெயர்.

எஞ்சின் வாங்க றெக்ஸ்டேலில் உள்ள உடைசல் கார் வளவுக்குப் போகவேண்டியிருந்தது. யோகனைத்தான் கேட்டேன், எஞ்சினை ஏற்ற வாகனமும் ஆளும் வேண்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஞாயிற்றுக்கிழமை வாறன். கதைக்க மட்டும் மாட்டன்" என்றார்.

வளவுக்காரர் நல்ல மனிதர், ஆனால் என்னைக் கடந்து யோகனைப் பார்த்தே கதைத்தார். என்ன எஞ்சின் வேணும், எத்தனை சிலிண்டர், கியர்ப்பெட்டியும் சேர்த்தா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். யோகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாலாவது கேள்விக்கு என் பக்கம் விரலை நீட்டி ஆங்கிலத்தில் சொன்னார்: "அவவைக் கேளுங்கோ. நான் றைவர் மட்டும்தான்."

கோபத்தில் சொன்னாரா, பெருமையில் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. வளவுக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் முதலிலிருந்து கேட்கத் தொடங்கினார். முன்பக்கம் நசுங்கிய ஒரு ஜப்பான் காருக்குக் கீழே நான் படுத்து, எஞ்சினின் எண்ணெய்க் கசிவைப் பார்த்து, இது வேண்டாம், அடுத்தது என்றேன். மூன்றாவதை எடுத்தோம். திரும்பி வரும் வழி முழுக்க யோகன் சொன்னபடியே கதைக்கவில்லை. வீட்டு வாசலில் மட்டும், "பாரமாக் கிடக்கும். தனியத் தூக்காதையும்" என்றார்.

4

எங்கள் ஒரே மகள் ஆரபி ஒட்டாவாவில் அரசாங்க வேலை பார்க்கிறாள். இருபத்தாறு வயது. ஞாயிறு பின்னேரம் ஒழுங்காகத் தொலைபேசி எடுப்பாள். ஆனால் வீட்டுக்கு வருவது குறைந்துகொண்டே போனது. டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு நாலு நாள் என்றவள் இரண்டு நாள்தான் நின்றாள். நாங்கள் அங்கே வருகிறோம் என்றால், "பிளேஸ் சின்னன், அம்மா. நீங்கள் இருக்க ஏலாது" என்பாள். இரண்டு வருடமாக அவளின் வீட்டு வாசலைக்கூட நான் பார்க்கவில்லை.

பங்குனியில் ஒரு வார இறுதிக்கு வந்தாள். நான் பிறேக் குழாய்களைப் பூட்டி முடித்திருந்த நேரம். குழாய்களுக்குள் எண்ணெய் விட்டு, உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் உள்ளே இருந்து பிறேக்கை அமத்திப் பிடிக்க, மற்றவர் ஒவ்வொரு சக்கரமாக, சில்லடியில் ஒரு சின்ன நட்டைத் திறந்து, காற்றுக் குமிழ் வந்ததும் மூடவேண்டும். மூடின பிறகுதான் காலை எடுக்கலாம். முந்தினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும், எல்லாம் முதலிலிருந்து.

யோகன் ஓட்டத்தில் போயிருந்தார். ஆரபியைக் கேட்டேன். மறுக்கவில்லை. மூன்று சில்லு நன்றாகப் போனது. நான் கீழே கிடந்து, "அமத்து... பிடி... விடு" என்று சொல்லச் சொல்ல அவள் செய்தாள். அவளின் கால் என் தலைக்கு மேலே அசைவது எனக்குப் பிடித்திருந்தது. கடைசிச் சில்லில் நட்டு வழுக்கியது. நான் திடுக்கிட்டு, "விடாதை!" என்று கத்தினேன். அவளுக்கு 'விடு' மட்டும்தான் கேட்டது. காலை எடுத்துவிட்டாள். குமிழ் குமிழாகக் காற்று உள்ளே போனதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

"விடாதை எண்டெல்லோ சொன்னனான்!"

"விடு எண்டுதான் கேட்டது. வை கான்ற் யூ ஜஸ்ற் சே 'ஹோல்ட்', அம்மா?"

"என்ர வீட்டில நான் என்ர பாஷையில சொல்லக்கூடாதே?"

அவள் காரைவிட்டு இறங்கினாள். குரலை உயர்த்தவில்லை.

"உங்கட வீட்டில நீங்கள் எப்ப இருந்தனீங்கள்?"

நான் தரையிலேயே கிடந்தேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள், பாதி தமிழில், பாதி ஆங்கிலத்தில். பள்ளிக்கூடத்தால் வந்தால் வீட்டில் ஒருவரும் இல்லை. குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு கடதாசித் துண்டு. 'றைஸ் இன் குக்கர். குளோஸ் த லைற். டோன்ற் ஓப்பின் டோர்.' நாலாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அந்தத் துண்டுகளோடுதான் தான் வளர்ந்ததாகச் சொன்னாள். லைற்றை 'மூடச்' சொல்வது ஆங்கிலத்தில் பிழை என்று வகுப்பில் சிரித்த பிறகுதான் அவளுக்குத் தெரியவந்ததாம்.

"இந்தக் காரோட நீங்கள் இருக்கிற ரைம், என்னோட இருந்ததைவிடக் கூட" என்றாள்.

"நான் ஒண்டும் விளையாடப் போகேல்லை" என்று சொன்னேன். அம்மாமார் எல்லோரும் வைத்திருக்கிற பதில். சொன்ன உடனேயே அது எவ்வளவு சின்னது என்று எனக்கே தெரிந்தது.

மறுநாள் பின்னேர ரயிலில் போக இருந்தவள் காலை ரயிலிலேயே போய்விட்டாள். நான் கராஜுக்குத் திரும்பி, அந்தக் கடைசிச் சில்லின் நட்டுகளைக் கண் மண் தெரியாமல் பூட்டினேன். இன்னொரு ஆளை வைத்துக் காற்றை முழுதாக எடுக்கவேண்டும் என்பது தெரியும். யாரையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நானே ஒரு தடியை வைத்துப் பிறேக்கை அமத்தி, அரையும் குறையுமாக முடித்தேன்.

5

சித்திரையில் கார் காராகிவிட்டது. கடும் பச்சை நிறம். எஞ்சின் முதல் தடவை பற்றியபோது வீடே அதிர்ந்தது. யோகன் மேல்மாடி யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே எடுத்தார்.

இனிப் பதிவு. வாகனப் பதிவு அலுவலகத்தில் கருமபீடத்துக்குப் பின்னால் ஒரு இளம்பெண் இருந்தாள். நல்ல பிள்ளை.

"வாகனத்தின் மேக்?"

"மீ" என்றேன்.

"இல்லை மேடம், செய்த நிறுவனம்."

"நான்தான் செய்தது."

அவள் கணினியைப் பார்த்தாள். அந்தப் பெட்டியில் என்னைப் போட இடமில்லை. பிறகு, 'சேர்ட்டிபிக்கற் ஒவ் ஒறிஜின்' இருக்கிறதா என்று கேட்டாள். இந்த நாட்டில் கால் நூற்றாண்டாக எத்தனையோ கருமபீடங்களில் நான் எங்கிருந்து வந்தேன் என்று நிரூபித்தவள். யோசிக்காமல் கைப்பையைத் திறந்து என் குடியுரிமைப் பத்திரத்தையும் வந்திறங்கிய காலத்துக் கடதாசியையும் எடுத்து வைத்தேன். அவள் இரண்டையும் பார்த்துவிட்டு, மிகவும் மெதுவாக, "உங்களுடையது இல்லை. காருடையது" என்றாள்.

பின்னால் வரிசையில் நின்றவர் சிரிப்பை அடக்குவது கேட்டது. பெட்டிகளை அனுப்பிய நிறுவனத்திடம் ஒரு பத்திரம், எஞ்சினுக்குப் பற்றுச்சீட்டு, கட்டிய ஒவ்வொரு கட்டத்துக்கும் படம், சத்தியக் கடதாசி. இவ்வளவும் கொண்டு வரச்சொன்னாள். இரண்டாம் தடவை போனால் எஞ்சின் சீட்டில் ஒரு எழுத்து மாறியிருந்தது. திரும்ப றெக்ஸ்டேல். திரும்பக் காத்திருப்பு. வாசலில் கார் மினுங்கிக்கொண்டு நிற்கிறது, நான் அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். இரவில் படுத்தால் காலில் எறும்பு ஊருவது போல இருக்கும்.

ஒரு ஞாயிறு காலை என்னால் ஏலாமல் போய்விட்டது. இலக்கத்தகடு இல்லை, அனுமதி இல்லை, பிழை என்று தெரியும். எங்கள் தெரு கொஞ்சம் பள்ளமாக இறங்கி, கீழே பஸ் ஓடும் வீதியில் முட்டும். பாதித் தூரம் போய்த் திரும்பலாம் என்று நினைத்தேன். முகத்தில் காற்று அடித்தது. முதலாவது கியர், இரண்டாவது. கிழக்காலே சூரியன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அரை நிமிடம் எனக்கு எந்த அந்தரமும், எந்தத் தவிப்பும் இருக்கவில்லை.

பிறகு பிறேக்கை அமத்தினேன். கால் அடிவரைக்கும் போனது. கார் நிற்கவில்லை.

திரும்ப அமத்தினேன். பஞ்சுக்குள் மிதித்தது போல. கீழே முக்கில் பிலிப்பீன்காரப் பெண் ஒருத்தி, எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள், குழந்தை வண்டிலோடு தெருவைக் கடக்கத் தொடங்கியிருந்தாள். நான் கத்தினேனாம், எனக்குக் கேட்கவில்லை. கைப்பிறேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். அது கம்பியால் வேலை செய்வது, எண்ணெய் தேவையில்லை. கார் பக்கவாட்டாகச் சறுக்கி, ஒரு வீட்டுக்காரரின் நீலக் குப்பைத் தொட்டிகளை அடித்துக்கொண்டு, புல்லுக்கு மேலே ஏறி நின்றது. தொட்டிகளிலிருந்த வெறும் பால் பெட்டிகள் தெரு முழுக்க உருண்டன. அந்தப் பெண் வண்டிலை நெஞ்சோடு இழுத்துப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்களுக்கிடையில் ஒரு கார் நீளம்கூட இல்லை.

யோகன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தெரு நீளத்துக்கும் ஓடி வந்தார். முதலில் அந்தப் பெண்ணிடம் போனார். குழந்தையைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "இறங்கும்" என்றார். நான் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடியே இருந்தேன். கையைப் பிடித்து இறக்கினார்.

6

இரண்டு அயலவர்கள் சேர்ந்து காரைக் கராஜுக்குத் தள்ளிக் கொடுத்தார்கள். கதவைச் சாத்தியபிறகு ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். யோகன் தரையில் பழைய காட்போட்டை விரித்து, சாரத்தோடேயே காருக்குக் கீழே போனார். முன் இடது சில்லடியிலிருந்து அவரின் குரல் வந்தது.

"இந்த நட்டு அரைவாசிதான் பூட்டிக் கிடக்கு. எண்ணெய் கசியுது."

ஆரபி போன அன்று நான் பூட்டியது.

"ஒவ்வொரு நாளும் றக்கை எடுக்க முன்னம் பிறேக்கைப் பாக்கிறவன் நான்" என்றார். "இருபது வருஷமா. உதை ஒருக்காப் பாருங்கோ எண்டு என்னட்டைக் கேட்டனீரே?"

"கேட்டா வந்திருப்பியளே?"

கீழே அவர் விரலால் நட்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"வந்திருக்க மாட்டன்" என்றார். பிறகு, "இனி வாறன்."

நான் அவருக்குப் பக்கத்தில் சீமெந்தில் இருந்து அழுதேன். குழாய் வேலையை அரைகுறையாக முடித்ததையும், ஆரபி கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். அவர் வெளியே வரவில்லை. கீழேயிருந்தே, "அவள் பிழையாச் சொல்லேல்லை" என்றார். "நானும் வீட்டில இருக்கேல்லைத்தானே."

அன்று பின்னேரம் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் கதவைப் பாதி திறந்து, "பிள்ளைக்கு ஒன்றுமில்லை" என்று மட்டும் சொன்னாள். சிரிக்கவில்லை. இப்போதும் தெருவில் கண்டால் மற்றப் பக்கத்தால் போகிறாள். அதை நான் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பிறகு ஆரபிக்கு நானே தொலைபேசி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமையில் எப்போதும் அவள்தான் எடுப்பவள், அதனால் பயந்துவிட்டாள்.

"ஆர் யூ ஓகே? அப்பாவுக்கு ஏதுமோ?"

"அப்பா சுகம். நான் இண்டைக்கு ஒரு குழந்தையைக் கொல்லப் பாத்தன், பிள்ளை." நடந்ததைச் சொன்னேன். பிறகு எழுதி வைத்திருந்தது போல ஒரே மூச்சில், "நீ சொன்னது சரி. நான் வீட்டில இருக்கேல்லை. ஏன் இருக்கேல்லை எண்டு எனக்குக் காரணம் இருக்கு, ஆனா இருக்கேல்லை எண்டது உண்மை" என்றேன்.

"லோங் வீக்கெண்டுக்கு வாறன், அம்மா. நீங்கள் அதைத் தொட வேண்டாம்" என்றாள்.

வைகாசியில் வந்தாள். இந்தமுறை அவள் கீழே கிடந்தாள், நான் உள்ளே இருந்து பிறேக்கை அமத்தினேன், யோகன் எண்ணெய்ப் போத்தலைப் பிடித்தார். பிடி, விடு எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். ஒண்டு என்றால் அமத்து, ரெண்டு என்றால் பிடித்துக்கொண்டிரு, மூண்டு என்றால் காலை எடு. காலை முழுக்க அவள் ஒண்டு ரெண்டு மூண்டு சொல்ல, நான் சொன்னபடி செய்தேன். மத்தியானம் பிறேக் கல்லுப்போல நின்றது. யோகன் தான் ஒரு முறை, நான் ஒரு முறை, அவள் ஒரு முறை என்று மூன்று பேரையும் கொண்டு மிதித்துப் பார்த்த பிறகுதான் சாப்பிட விட்டார்.

பதிவுக்கு முன் காரைப் பார்த்த பரிசோதகர் ஹோர்ன் சத்தம் போதாது என்று மட்டும் திருப்பி அனுப்பினார். அதையும் மாற்றினேன். நாலாவது தடவை அந்த அலுவலகத்துக்குப் போனபோது, அதே பெண் படிவத்தை நிரப்பி, கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். தயாரிப்பு என்ற இடத்தில் 'சொந்தமாகக் கட்டியது' என்று இருந்தது.

7

ஓகஸ்ட் கடைசியில் ஆரபி வந்து நின்றுவிட்டுப் புறப்படும்போது, "நான் கொண்டுவந்து விடுறன்" என்றேன். நாங்கள் இருக்கிற அஜக்ஸிலிருந்து ஒட்டாவா நாலரை மணித்தியாலம். அவள் முகம் மாறியது.

"ரயில் இருக்கு, அம்மா."

"கார் இருக்கு."

யோகன் எண்ணெய், தண்ணீர், பிறேக் எல்லாவற்றையும் பார்த்து, மணிக்கொரு தடவை அழைக்கச் சொல்லி வாசலில் நின்றார். நானூற்றியொன்று என்கிற நெடுஞ்சாலையில் கூரையில்லாத காரில் கதைக்க முடியாது. காற்று வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். எங்களுக்கு அது வசதியாக இருந்தது. பாரவண்டிகள் பக்கத்தால் போகும்போது அவற்றின் சில்லு என் தலைக்கு மேலே சுழன்றது. ஒரு இடத்தில் ஆரபி என் தோளைத் தட்டி, பின்னால் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் எங்களைப் பார்த்துக் கையசைப்பதைக் காட்டினாள்.

கிங்ஸ்ரனில் நின்று கோப்பி குடித்தபோது, "டவுண்ரவுண்ல மோல் வாசல்ல இறக்கிவிடுங்கோ, நான் அங்கயிருந்து போவன்" என்றாள். ஏன் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

ஒட்டாவாவுக்கு ஒரு மணித்தியாலம் இருக்கையில் மழை பிடித்தது. தூறல் இல்லை, கொட்டியது. ஒதுங்க ஒரு பாலமும் இல்லை. பையைத் தலையில் பிடித்தபடி ஆரபி சிரிக்கத் தொடங்கினாள். நானும் சிரித்தேன். இருக்கைக்குள் தண்ணீர் குளமாக நின்றது. மோல் கதையை அவள் திரும்ப எடுக்கவில்லை. "லெஃப்ற்... ரைற்... அந்த வெள்ளைக் கட்டடம்" என்று மட்டும் சொன்னாள்.

நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் காரை விட்டு, மின்தூக்கியில் ஏறினோம். இரண்டு பேரின் சப்பாத்தும் தண்ணீரில் சளக் சளக் என்றது. ஏழாம் மாடியில் ஒரு கதவுக்கு முன்னால் நின்று திறப்பை எடுத்தாள். பூட்டில் போடவில்லை.

"அம்மா, உள்ளுக்க ஒராள் இருக்கு."

"ஆர்?"

"டானியல். ரெண்டு வருஷமா இருக்கிறார்." கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொல்லத்தான் இருந்தனான். ஒவ்வொரு சண்டேயும் சொல்லத்தான் இருந்தனான்."

என்னென்னவோ எல்லாம் எனக்குள் ஒரேயடியாக வந்தன. யோகன், ரத்தினண்ணை, கோயிலில் காண்கிறவர்கள், இரண்டு வருடம், எனக்குத் தெரியாமல் போன ஒவ்வொரு ஞாயிறும். என் தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக் கம்பளத்தில் ஒரு வட்டம் வந்துகொண்டிருந்தது.

"நான் போனில கதைக்கேக்க பக்கத்தில இருக்கிறவரோ?"

"ஓம்."

"என்ர கதை விளங்குமோ?"

"கொஞ்சம். சாப்பிட்டியோ எண்டு கேட்டா விளங்கும்."

உள்ளே யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவருக்கும் எங்கள் குரல் கேட்டிருக்க வேண்டும்.

"கதவைத் திற, பிள்ளை" என்றேன். "குளிருது."